பீரங்கிக்குப் பயந்து கட்டிய கோயில்: சென்னைக் கோட்டை தூய மரியாள் ஆலயம்

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்துக்குள், பழைய சட்டக் கல்லூரிக் கட்டடத்துக்குப் பக்கத்தில், கூம்பு வடிவில் ஒரு கல்லறைச் சின்னம் நிற்கிறது. 1921 முதல் அது பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியலில் இருக்கிறது. அதை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லி 2023இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது செய்தி பரபரப்பானது. அங்கே புதைக்கப்பட்டிருப்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஜோசப் ஹின்மர்ஸ். மற்றது டேவிட் யேல் என்ற குழந்தை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த எலிஹு யேலின் மகன்.

செய்தியைப் படித்தவர்களுக்கு இயல்பாகவே கேள்விகள் வந்தன. யேலின் பிள்ளைக்குப் பாரிமுனையில் என்ன வேலை? வெள்ளைக்காரர்கள் கோயிலை ஒட்டித்தானே கல்லறைத் தோட்டம் வைப்பார்கள், அப்படியானால் கோயில் எங்கே? கோயில் இருக்கிறது, நடந்தே போகும் தூரத்தில், புனித ஜார்ஜ் கோட்டைக்குள். அங்கே போனால் குழப்பம் கூடத்தான் செய்யும். அந்த ஆலயத்தின் முற்றத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லறைக் கற்கள் பதித்திருக்கின்றன. அவற்றின் கீழே ஒருவரும் இல்லை.

ஓரிடத்தில் கல்லறை, கோயில் இன்னோரிடத்தில்; கற்கள் ஓரிடத்தில், எலும்புகள் இன்னோரிடத்தில். இந்தக் கலைப்புக்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: முற்றுகை. ஆலயத்தின் கூரையும் சுவரும் அப்படி இருப்பதற்கும் அதுவே காரணம். அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

1. எந்த மரியாள் ஆலயம்?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஜார்ஜ் டவுன் பக்கம் மரியாள் பெயரில் பழைய கோயில்கள் மூன்று உண்டு.

1. அர்மீனியன் தெருவிலுள்ள கத்தோலிக்க மரியன்னை இணைப் பேராலயம். செவ்வாய்க்கிழமைகளில் அந்தோணியாரைத் தேடிக் கூட்டம் வருமே, அந்தக் கோயில்.
2. அதே தெருவிலுள்ள அர்மீனியக் கோயில். அதுவும் கன்னி மரியாள் பெயரில்தான் இருக்கிறது.
3. கோட்டைக்குள் இருக்கும் தூய மரியாள் ஆலயம். ஆங்கிலிக்கன் சபை, அதாவது இங்கிலாந்துத் திருச்சபை வழியினர் கட்டியது, இன்று சிஎஸ்ஐ எனப்படும் தென்னிந்தியத் திருச்சபையின் சென்னைப் பேராயத்தின் கீழ் இருக்கிறது.

இந்தக் கட்டுரை மூன்றாவதைப் பற்றியது.

‘சூயஸுக்குக் கிழக்கே மிகப் பழைய ஆங்கிலிக்கன் ஆலயம்’ என்ற பட்டம் இதற்கு உண்டு. இதைச் சிலர் ‘சென்னையின் மிகப் பழைய சர்ச்’ என்று சுருக்கி எழுதிவிடுகிறார்கள். அது தப்பு. மயிலாப்பூர் பக்கத்தில் போர்ச்சுகீசியர் எழுப்பிய லஸ் கோயில் இதைவிட ஒரு நூற்றாண்டுக்கும் மேல் மூத்தது. கொச்சி பிரான்சிஸ் கோயிலின் தொடக்கம் அதற்கும் முந்தியது. ஆனால் அது போர்ச்சுகீசியர் தொடங்கி, டச்சுக்காரரிடம் போய், பிற்பாடுதான் ஆங்கிலிக்கன் கைக்கு வந்தது. ஆங்கிலிக்கன் வழிபாட்டுக்கென்றே கட்டி, இன்றும் அதே கூரையோடு நிற்பவற்றில் கோட்டை ஆலயம்தான் மூத்தது. இந்தியாவில் இன்று மிஞ்சியிருக்கும் ஆங்கிலேயர் கட்டடங்களிலேயே இதுதான் பழையது என்றும் சொல்வார்கள்.

2. கோயில் இல்லாமல் போன 40 ஆண்டுகள்

ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தக் கடற்கரைத் துண்டு கிடைத்தது 1639இல். கோட்டையின் முதல் பகுதி 1640 ஏப்ரல் 23, ஜார்ஜ் திருநாளன்று முடிந்ததால் ஜார்ஜ் கோட்டை ஆயிற்று. ஆனால் ஆங்கிலேயருக்கு என்று ஒரு கோயில் எழ நாற்பது வருடம் ஆனது. அதுவரை கோட்டை மாளிகையின் சாப்பாட்டுக் கூடத்தில்தான் ஆராதனை.

வேடிக்கை என்னவென்றால், அதே கோட்டைக்குள் கத்தோலிக்கருக்குக் கோயில் இருந்தது. 1642இல் வந்து சேர்ந்த பிரெஞ்சுக் கப்பூச்சின் துறவி எஃப்ராயீம், கம்பெனிச் சேவையிலிருந்த போர்ச்சுகீசிய வழிக் கத்தோலிக்கருக்குப் பூசை செய்துகொண்டிருந்தார். படைவீரர்களில் பலர் அவர்கள்தான் என்கிற நிலையில் கம்பெனி அவரைத் துரத்த முடியாது. சொந்தக் கோயிலுக்குக் காசு செலவழிக்கவோ லண்டனுக்கு மனமில்லை. அது வியாபாரக் கம்பெனி. கோயில் கட்டினால் லாபம் வராது.

1678 ஜனவரியில் ஸ்ட்ரெயின்ஷம் மாஸ்டர் கவர்னராக வந்த பிறகு வேலை நகர்ந்தது. அவர் லண்டனின் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. கோட்டையிலிருந்த ஆங்கிலேயரிடம் வராகன் கணக்கில் நன்கொடைப் பட்டியல் எழுதி வாங்கி, 1678 மார்ச் 25இல் வேலையைத் தொடங்கினார். அன்று மரியாளுக்கு தேவதூதன் மங்களவார்த்தை சொன்ன திருநாள். ஆலயத்துக்கு அந்தப் பெயர் வந்தது அதனால்தான். 1680 அக்டோபர் 28இல் பிரதிஷ்டை நடந்தது.

பிரதிஷ்டையில் ஒரு சட்டச் சிக்கல் இருந்தது. ஆங்கிலிக்கன் முறைப்படி ஆலயத்தை அர்ப்பணிக்க வேண்டியவர் பேராயர். அப்போது இந்தியாவில் பேராயரே கிடையாது. கல்கத்தாவுக்கு முதல் பேராயர் வந்தது 1814இல்தான். அதனால் லண்டன் பேராயரின் அதிகாரப் பத்திரத்தை வைத்துக்கொண்டு, கோட்டையின் குருவானவர் ரிச்சர்ட் போர்ட்மனே அர்ப்பணித்தார். துப்பாக்கி வேட்டும் பீரங்கி வேட்டும் முழங்கின.

3. கூரைக்கு எதிரி யார்?

இங்கேதான் கட்டடக் கதை தொடங்குகிறது. ஆலயத்தின் வரைபடத்தைப் போட்டவர் கட்டடக் கலைஞர் அல்ல, கோட்டையின் தலைமைப் பீரங்கியாளர் என்று கருதப்படுகிறது. வில்லியம் டிக்சன் என்ற பெயர் பொதுவாகச் சொல்லப்படும். பீரங்கி சுடுகிறவருக்குத்தான், பீரங்கியால் எதை உடைக்க முடியும், எதை முடியாது என்று தெரியும்.

அக்காலக் கோட்டையில் ஒரு கட்டடத்தைக் குண்டு தாக்கும் வழி இரண்டு.

1. நேர்க்குண்டு. பீரங்கியிலிருந்து ஏறக்குறைய கிடையாகப் பாய்ந்து வரும் திண்ணிய இரும்புப் பந்து. வெடிக்காது, மோதும் வேகத்தில் உடைக்கும். இதைத் தாங்க வேண்டியது சுவர். கோட்டை மதிலே முதல் தடுப்பு, மதிலைத் தாண்டி வருவதுதான் உள்கட்டடத்தின் கவலை.
2. மார்ட்டர் குண்டு. குட்டையான வாயகன்ற பீரங்கியிலிருந்து வானை நோக்கிச் சுடுவது. மதிலுக்கு மேலே உயர்ந்து போய், செங்குத்தாக விழும். உள்ளே வெடிமருந்து நிரப்பித் திரி வைத்திருப்பார்கள். 13 அங்குல மார்ட்டர் குண்டின் எடை சுமார் 90 கிலோ. இதற்கு மதில் ஒரு பொருட்டே இல்லை. கூரைதான் தாங்கியாக வேண்டும்.

இரண்டாவதுதான் கோட்டைக்குள் வாழ்பவர்களின் கெட்ட கனவு. கூரையைப் பொத்துக்கொண்டு உள்ளே விழுந்த பிறகு வெடித்தால் வீடே போய்விடும். கூரையின் மேலேயே தடைப்பட்டு வெடித்தால், வெடிப்பின் பெரும்பகுதி வெளியே ஆகாயத்துக்குப் போகும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: 90 கிலோ இரும்பு உயரத்திலிருந்து விழுந்தாலும் பொத்தாத கூரையை எப்படிக் கட்டுவது?

அக்காலச் சென்னையின் வழக்கமான மொட்டைமாடி இதற்கு உதவாது. ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று பெயர் பெற்ற அந்த முறையில் சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரம் போட்டு, அதன் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் சாய்த்து அடுக்கி, சுண்ணாம்புக் காரையால் இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பார்கள். மழைக்கும் வெயிலுக்கும் அருமையான கூரை. நூறு வருட வீடுகளில் இன்றும் பார்க்கலாம். ஆனால் அதன் உயிர் மரத்தில் இருக்கிறது. மரம் தீப்பிடிக்கும், கரையான் அரிக்கும், கனமான குண்டு விழுந்தால் முறியும். ஓர் உத்திரம் முறிந்தால் அதன் மேலிருந்த அத்தனையும் கீழே வரும்.

சரி, மரமே இல்லாமல் கூரை போட்டால்?

4. மூன்று வளைவுகளின் கணக்கு

செங்கல்லுக்கு ஒரு குணம் உண்டு. நசுக்கினால் நன்றாகத் தாங்கும், இழுத்தால் பிரிந்துவிடும். தட்டையாகச் செங்கல் கூரை போட்டால் எடை அழுத்தும்போது நடுவில் தொய்யப் பார்க்கும். தொய்வின் அடிப்பக்கம் இழுபடும். காரை விரிசல் விட்டு முடிந்தது கதை.

அதையே வில்லாக வளைத்துவிட்டால் கணக்கு மாறும். மேலே விழும் எடை, ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு நசுக்கு விசையாகவே கைமாறிக்கொண்டு சுவர் வரை இறங்கும். எந்தக் கல்லும் இழுபடுவதில்லை. பாலத்தின் அடியிலுள்ள வளைவு நிற்பது இப்படித்தான். அந்த வில்லை ஒரு சுரங்கப்பாதை மாதிரி நீட்டிவிட்டால், அதுவே வளைகூரை. கோட்டைகளில் வெடிமருந்துக் கிடங்குக்கு இப்படித்தான் கூரை போடுவார்கள். டிக்சனோ வேறொருவரோ, வரைந்தவர் தமக்குத் தெரிந்த கிடங்கைத்தான் கோயிலாக வரைந்திருக்கிறார்.

ஆலயத்துக்குள் போனால் நீளவாக்கில் மூன்று பகுதிகள் தெரியும்: நடுக்கூடம், அதன் இரு பக்கமும் பக்கக்கூடங்கள். அவற்றைப் பிரிப்பவை வளைவுகள் வைத்த கனத்த தூண்வரிசைகள். மூன்றுக்கும் தனித்தனி வளைகூரை. கூரையின் கனம் சுமார் 2 அடி, முழுக்கச் செங்கல்லும் சுண்ணாம்பும். வெளிச்சுவர்கள் சுமார் 4 அடி கனம். மொத்த அகலம் 56 அடி. இவ்வளவு அகலத்தை ஒரே வளைவாக மூடாமல் ஏன் மூன்றாகப் பிரித்தார்கள் என்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது.

வளைவு எடையைக் கீழே மட்டும் தள்ளுவதில்லை, பக்கவாட்டிலும் தள்ளும். இரண்டு காலையும் அகட்டி நிற்பவன் வழுக்குத் தரையில் மேலும் அகட்டிக்கொண்டே போவான் அல்லவா, அப்படி. சுவர் அந்தத் தள்ளலுக்கு எதிர்த்து நிற்காவிட்டால் வளைவு விரிந்து விழுந்துவிடும். அகலம் கூடக் கூடத் தள்ளலும் கூடும்.

மூன்று வளைவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும்?

1. நடு வளைவு இடப்பக்கத் தூண்வரிசையை வெளியே தள்ளும். இடப்பக்க வளைவு அதே தூண்வரிசையை உள்ளே தள்ளும். இரண்டும் பெருமளவு கழிந்துவிடும். வலப்பக்கமும் அப்படியே.
2. ஆகவே நடுத் தூண்வரிசை பெரும்பாலும் நேர் எடையை மட்டும் சுமந்தால் போதும். அதைத் திறந்த வளைவுகளாக விடலாம். சபை முழுவதும் பலிபீடத்தைப் பார்க்கலாம்.
3. கழியாமல் மிச்சப்படுவது இரண்டு ஓரங்களிலும் வெளிநோக்கிய தள்ளல். அதை எதிர்த்து நிற்பதற்குத்தான் 4 அடிச் சுவர். நேர்க்குண்டைத் தடுக்கவும் அதே சுவர்தான். ஒரே செலவில் இரண்டு வேலை.
4. கூரையின் சொந்த எடையும் இங்கே நன்மைதான். ஏற்கெனவே பல டன் நசுக்கில் இறுகியிருக்கும் வளைவின் மேல் 90 கிலோ வந்து விழுவது, உட்கார்ந்திருக்கும் யானை முதுகில் தேங்காய் விழுவது மாதிரி. வலிக்கும், ஆனால் எழுந்து ஓடாது.

ஐரோப்பாவின் பழைய பேராலயங்களில் கல் வளைகூரைக்கு மேலேயும் மரச்சட்டக் கூரை ஒன்று இருக்கும். 2019இல் பாரிஸ் நோத்ர் தாம் பற்றி எரிந்தபோது எரிந்தது அந்த மரக்கூரைதான். கீழே இருந்த கல் வளைவில் பெரும்பகுதி தப்பியது. கோட்டை ஆலயத்தில் அந்த மேல் மரக்கூரையே இல்லை. எரிவதற்குக் கூரையில் எதுவும் கிடையாது. மேற்குப் பக்கத்தில் கவர்னரும் ஆலோசனைச் சபையாரும் உட்காரும் மேல்மாடத்தின் செதுக்கு வேலைதான் கண்ணில் படும் பெரிய மரவேலை.

அழகு? வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளையடித்த சாதாரணக் கட்டடம். கூர்வளைவும் வண்ணக் கண்ணாடி ரோஜாவும் தேடுபவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே அந்தக் கனத்த வளைவுகளுக்குக் கீழே நின்றால் ஒரு நிதானம் கிடைக்கிறது. அது வரைந்தவர் திட்டமிட்ட விளைவு அல்ல என்பது என் எண்ணம். 4 அடிச் சுவருக்கு நடுவில் வெயிலும் சத்தமும் தானாகவே தணிந்துவிடும்.

5. ஒட்டவைத்தது உள்ளூர்ச் சுண்ணாம்பு

வரைபடம் ஆங்கிலேயருடையது. கட்டிய கை இங்கத்தியது. சென்னைக் கொத்தனார்களின் சுண்ணாம்பு வேலை அக்காலத்திலேயே பெயர் பெற்றது; ‘சுண்ணாம்பு’ என்ற சொல்லே சிதைந்து ‘சுணாம்’ என்று ஆங்கிலத்துக்குள் போயிற்று.

பாறைச் சுண்ணாம்பு கிடைக்காத கடற்கரையில் கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு நீறாக்குவார்கள். அதில் மணல் கலந்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து நாள்கணக்கில் அரைப்பார்கள். மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கருவும் தயிரும்கூடப் போவதுண்டு. பளிங்கு மாதிரி மினுங்கும் அந்தப் பூச்சு.

சுண்ணாம்புக் காரை சிமெண்ட் மாதிரி ஒரே நாளில் இறுகாது. காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி, வருடக்கணக்கில் மெல்ல மெல்லத் திரும்பவும் கல்லாகும். இந்தத் தாமதம் வளைகூரைக்குப் பெரிய வரம். கனத்த கட்டடம் கடற்கரை மணலில் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும்போது, இறுகாத காரை அதற்கேற்ப வளைந்து கொடுக்கும். சிமெண்டாக இருந்தால் அதே அமுக்கத்தில் விரிசல் விட்டிருக்கும். பழைய சுண்ணாம்புக் கட்டடங்களை சிமெண்ட் பூசிப் ‘பழுது பார்ப்பது’ எவ்வளவு கெடுதல் என்று பாதுகாப்புப் பொறியாளர்கள் அடித்துக்கொள்வதற்கும் காரணம் இதுதான்: சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும், சுண்ணாம்போ மூச்சு விடும்.

ஆலயச் சுவர் முழுக்கக் கவர்னர், தளபதி பெயர்கள். கிளிஞ்சல் சுட்டவர், காரை அரைத்த சித்தாள், வளைவுக்குச் சாரம் கட்டியவர் என்று ஒரு பெயரும் கல்லில் இல்லை.

6. கோபுரம் மட்டும் வேறு கதை

இன்று கோட்டைக்குள் நுழைந்ததும் முதலில் தெரியும் கூர்கோபுரம் 1680இல் இல்லை. மணிக்கோபுரம் 1701இலும் அதன் மேல் கூம்பு 1710இலும் வந்தன. இன்றுள்ள கூம்பு 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் மறுபடி கட்டியது. கிழக்கே பலிபீடப் பகுதியை நீட்டியது 1884இல்.

அதாவது, நடுவிலுள்ள மூன்று வளைகூரைதான் மாஸ்டர் காலத்துக் கட்டடம். முன்னும் பின்னும் இருப்பவை பிற்காலச் சேர்க்கை. உயரமான கோபுரம் எதிரிக்குக் குறிபார்க்க வசதியான இலக்கு. பீரங்கியாளர் அதை முதல் வரைபடத்தில் சேர்க்காததில் ஆச்சரியமில்லை.

7. பயந்தது நடந்தது

66 வருடம் ஆலயக் கூரைக்குச் சோதனை வரவில்லை. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லபூர்தோனே கோட்டையைப் பிடித்தார். மூன்று வருடம் சென்னை பிரெஞ்சு கையில் இருந்தது. 1749இல் ஒப்பந்தப்படி திரும்பி வந்தது. இடையில் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையின் வடக்கு மதிலை ஒட்டி, இந்தியர்கள் வாழ்ந்த பழைய கறுப்பர் நகரத்தின் வீடுகளைத் தரைமட்டமாக்கினார்கள். சுடுவதற்கு வெட்டவெளி வேண்டும் என்பதே நோக்கம். இன்று உயர் நீதிமன்றம் நிற்கும் இடம் அந்த நகரத்தில் சேர்ந்ததுதான்.

உண்மையான சோதனை 1758 டிசம்பரில் வந்தது. லாலியின் பிரெஞ்சுப் படை இரண்டு மாதத்துக்கும் மேல் கோட்டையை முற்றுகையிட்டு அடித்தது. உள்ளே கவர்னர் பிகட்டும் தளபதி லாரன்ஸும். 1759 பிப்ரவரி நடுவில் ஆங்கிலக் கப்பல்கள் கடலில் தெரிந்ததும் லாலி முற்றுகையைக் கைவிட்டார். கோட்டைக்குள் வீடுகள் பல சிதைந்துபோயிருந்தன. 1680இன் வளைகூரை நின்றது. இன்றும் தலைக்கு மேல் இருப்பது அதுதான்.

போர்க்காலங்களில் ஆலயம் வழிபாட்டுக்கு மட்டும் பயன்படவில்லை. குண்டு பொத்தாத கூரை என்றால் படைவீரரும் தானிய மூட்டையும்தான் முதலில் உள்ளே போகும். லாலி முற்றுகையில் படைவீடாகவும், ஹைதர் அலியுடனான போரின்போது தானியக் கிடங்காகவும் இருந்தது என்று சொல்வார்கள். கிடங்கைப் போலக் கட்டிய கோயில் கடைசியில் கிடங்காகவே ஆனதும் பொருத்தம்தான்.

1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து இடித்தார்கள். பலிபீடத்துக்கு மேலே இருக்கும் இயேசுவின் கடைசி இராப்போசன ஓவியம் அங்கிருந்து கொள்ளைப் பொருளாக வந்தது என்பது வழிவழிச் செய்தி. இத்தாலிய ஓவியர் ரஃபேலின் பாணி என்று வழிகாட்டிகள் பெருமையாகச் சொல்வார்கள். எங்கிருந்து வந்தது என்பதைச் சிலர் கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்கிறார்கள்.

8. கல்லறைக் கற்கள் நடந்து வந்த கதை

இப்போது முதல் கேள்விக்குத் திரும்பலாம்.

1. கோட்டை சிறியது, உள்ளே புதைக்க இடமில்லை. அதனால் ஆலயம் எழுவதற்கு முன்பிருந்தே ஆங்கிலேயர் தங்கள் இறந்தோரைக் கோட்டைக்கு வெளியே, பழைய கறுப்பர் நகரத்துக்கு மேற்கே ஒரு தோட்டத்தில் புதைத்தார்கள். பின்னாளில் சட்டக் கல்லூரி வந்த இடம் அது. ஹின்மர்ஸ் 1680இலும், குழந்தை டேவிட் 1688இலும் அங்கே அடக்கம் ஆனார்கள்.
2. அக்கால மோஸ்தர்படி கல்லறைகளின் மேல் கூம்பும் மண்டபமுமாகப் பெரிய பெரிய கட்டுமானங்கள் எழுந்தன. 1758இல் லாலியின் வீரர்கள் அவற்றின் பின்னால்தான் பதுங்கிச் சுட்டார்கள். இறந்தவர்கள் எதிரிக்கு அரணாகிவிட்டார்கள்.
3. முற்றுகை முடிந்ததும் பாடம் கற்ற கம்பெனி, கல்லறைக் கட்டுமானங்களை இடித்தது. மிஞ்சியவை இரண்டு. ஒன்று ஹின்மர்ஸ்–யேல் கூம்பு, மற்றது பவுனி குடும்பத்துக் கல்லறை.
4. எழுத்து வெட்டிய பலகைக் கற்களை மட்டும் பெயர்த்துக் கொண்டுவந்து, கோட்டைக்குள் ஆலயத்தைச் சுற்றித் தரையில் பதித்தார்கள். எலும்புகள் பழைய இடத்திலேயே தங்கிவிட்டன. புதிய கல்லறைத் தோட்டம் தீவுத்திடல் பக்கம் அமைந்தது.
5. கற்களுக்கு அப்புறமும் ஓய்வில்லை. ஹைதர் அலி நெருங்கியபோது சிலவற்றைப் பெயர்த்துக் கொத்தளத்தில் பீரங்கிக்கு அடித்தளமாகப் போட்டார்கள். பிறகே மீண்டும் முற்றத்துக்கு வந்தன.

ஆங்கிலம், லத்தீன், போர்ச்சுகீஸ், அர்மீனியன் எனப் பல மொழிகளில் எழுத்துகள் உள்ளன. எலிசபெத் பேக்கர் என்பவரின் 1652ஆம் வருடக் கல், இந்தியாவிலுள்ள ஆங்கிலேயர் கல்லறைக் கல்வெட்டுகளில் மிகப் பழையது எனக் கருதப்படுகிறது. அவர் இங்கே ஏஜெண்டாக, அதாவது கம்பெனியின் தலைமை அதிகாரியாக வந்த ஏரன் பேக்கரின் மனைவி. சென்னையில் கால் வைக்கும் முன்பே கப்பலில் இறந்தவர்.

நகரம் மறுபடி கோட்டையை நெருங்கிவிடாதபடி வெட்டவெளிக்கு எல்லை குறித்து 1773இல் ஆறு கல்தூண்கள் நட்டார்கள். பாரிமுனையில் ஒன்று மட்டும் இன்றும் நிற்கிறது.

9. பதிவேடு சொல்லும் ஆட்கள்

1680 முதல் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்கு ஆலயம் பதிவேடு வைத்தது. அர்ப்பணித்த ஒரே வாரத்தில், நவம்பர் 4இல், முதல் திருமணம். மணமகன் எலிஹு யேல், மணமகள் கேதரின், அதே ஆண்டு இறந்த ஹின்மர்ஸின் விதவை. உயர் நீதிமன்ற வளாகக் கல்லறையில் அந்த இரண்டு பெயர்கள் சேர்ந்திருப்பதன் காரணம் இதுதான்: ஒருவர் கேதரினின் முதல் கணவர், மற்றவன் அவருடைய இரண்டாம் திருமணத்து மகன்.

யேல் 1687இல் கவர்னரானார். சொந்த வியாபாரத்தில் அளவுக்கு மீறிச் சேர்த்தார் என்ற புகார்களோடு 1692இல் நீக்கப்பட்டார். சேர்த்த செல்வத்திலிருந்து 1718இல் கனெக்டிகட்டிலிருந்த ஒரு சிறு கல்லூரிக்குப் பொருள் அனுப்ப, அது அவர் பெயரைச் சூடியது. அவர் காலத்துச் சென்னையில் அடிமை வியாபாரமும் நடந்தது. அடிமைமுறையோடு தனக்கிருந்த தொடர்புகளுக்கு யேல் பல்கலைக்கழகம் 2024இல் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது.

ஞானஸ்நானத் தொட்டிக்கும் ஒரு கதை உண்டு. பல்லாவரம் மலைக் கருங்கல்லில் செய்தது. 1689இல் இந்த ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகளில் மூவர் ஜாப் சார்னக்கின் மகள்கள். அடுத்த வருடம் ஹூக்ளிக் கரையில் கம்பெனிக் குடியிருப்பை நிறுவினாரே, அவர்தான். கல்கத்தாவில் அவர் கல்லறையின் பலகையும் சென்னைப் பக்கத்து இதே வகைக் கல். அதை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1890களில் அந்தப் பாறை வகைக்கு ‘சார்னகைட்’ என்றே பெயர் வைத்தார். பல்லாவரத்துக் கல்லுக்கு உலகப் பெயர், அதுவும் கல்கத்தாக்காரர் பெயரில்!

1753 பிப்ரவரி 18இல் இங்கே ராபர்ட் கிளைவ், மார்கரெட் மாஸ்கலினை மணந்தார். தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டியவர் மணம் முடித்து வைத்த குருவானவர்: யோஹான் பிலிப் பப்ரிசியுஸ். வேப்பேரியிலிருந்த ஜெர்மானிய லுத்தரன் மிஷனரி. பைபிளை மறுபடியும் தமிழாக்கி, 1779இல் தமிழ்–ஆங்கில அகராதி வெளியிட்டவர்.

சுவர்களிலும் தரையிலும் பிற்காலத்தார் நினைவுச் சின்னங்கள் அடர்ந்திருக்கின்றன. 1827இல் காலராவில் இறந்த தாமஸ் மன்றோவின் எச்சங்களை இங்கே கொண்டுவந்து புதைத்தார்கள். தஞ்சை சரபோஜிக்கு ஆசானாக இருந்த மிஷனரி ஸ்வார்ட்ஸுக்குக் கம்பெனி வைத்த சலவைக்கல் சிற்பம், ஜான் பேக்கன் செய்தது. லாலியிடமிருந்து கோட்டையைக் காத்த பிகட்டோ, சொந்த ஆலோசனைச் சபையாலேயே சிறைவைக்கப்பட்டு 1777இல் காவலில் இறந்தார். அவர் கல்லில் பெயர்கூட இல்லை. ‘நினைவாக’ என்ற பொருளில் லத்தீனில் இரண்டு சொல், அவ்வளவுதான்.

10. பயம் போன பிறகு

1799இல் திப்பு வீழ்ந்தபின் சென்னைக்கு முற்றுகை அபாயம் நீங்கியது. அது கோயில் கட்டுவதிலும் உடனே தெரிந்தது. ஆங்கிலேயர் கோட்டையை விட்டு, இன்றைய அண்ணா சாலைப் பக்கத்துச் சௌல்ட்ரி சமவெளியில் தோட்ட வீடுகள் கட்டிக் குடிபோனார்கள். கோயிலும் பின்னாலேயே போனது. 1815இல் ஜார்ஜ் கோயில், 1821இல் எழும்பூரில் ஸ்காட்லாந்துச் சபையின் ஆண்ட்ரூஸ் கோயில். உயர்ந்த தூண்களோடு முகப்பு, பெரிய சன்னல்கள், ஆண்ட்ரூஸில் விரிந்த குவிமாடம். யாரும் மார்ட்டர் குண்டை நினைத்து அவற்றை வரையவில்லை. 1835இல் சென்னைக்குத் தனிப் பேராயர் வந்தபோது பேராலயமானதும் ஜார்ஜ் கோயில்தான். 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை பிறந்ததும் அங்கேதான்.

கோட்டை ஆலயத்தில் சபை சுருங்கியது, கட்டடம் மட்டும் தங்கியது. இன்று அதைச் சுற்றித் தலைமைச் செயலகமும் ராணுவமும். வாசலில் அடையாள அட்டை காட்டிச் சோதனை முடிந்தே உள்ளே போக முடியும். ஆலயத்துக்குள் நுழைய, முற்றத்தில் அந்தக் கற்களின் மேல் நடந்துதான் ஆக வேண்டும். பல கற்களில் எழுத்து ஏற்கெனவே பாதி தேய்ந்துவிட்டது.